பழைய ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டப் பிளான் தேவையா? மேஸ்திரி வேண்டாம் என்கிறார்

வாய்க்கால்மேடு

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டின ஊர். அப்பாரு, அதாவது தாத்தா, கட்டிய ஓட்டு வீடு, செங்கல்லும் செம்மண் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், மேலே பனங்கையும் ரீப்பரும். நாட்டு ஓட்டை இறக்கி மங்களூர் ஓடு போட்டது ஒன்றுதான் எனக்கு நினைவு தெரிந்து நடந்த வேலை. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு இப்போது குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டோம். அம்மாவுக்கு முட்டிவலி, ராத்திரியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காலிக்கு நடந்து போய் வருவது இனி ஆகாது. அதனால் உள்ளேயே ஒரு பாத்ரூம் வேண்டும், வெளியே தனியாக நிற்கும் சமையல்கட்டை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், ஆசாரத்துக்கும் (நடுக்கூடம்) மேற்கு ரூமுக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

மேஸ்திரி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிளானெல்லாம் புது ஊட்டுக்குத்தானுங்க. இதெல்லாம் என்ற மண்டைக்குள்ளயே இருக்குது” என்றார். ஈரோட்டில் ஒரு இன்ஜினியரைக் கேட்டால், அளந்து வரைந்து கொடுக்க 25 ஆயிரம் என்கிறார். அந்தக் காசுக்கு பாத்ரூம் டைல்ஸே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரி செல்போனில் 40 போட்டோ சேர்த்து வைத்திருக்கிறாள், அதில் ஒன்றுகூட ஓட்டு வீடு இல்லை. தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்று எண்ணம். பிளான் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

சோமனூர்த்தறி

போடுங்கண்ணா. நான் போடாமல் கட்டினவன்.

எங்களுடையது தறிக்குடோன். தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அதையே தடுத்து வீடாக்கினோம். பெட்ரூம் 10க்கு 10, போதும் என்று எல்லாருமே சொன்னோம். கட்டில் 6 அடி அகலம், பீரோ ஒன்றே முக்கால் அடி ஆழம், மிச்சம் இரண்டே கால் அடி. கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தாகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கதவு பாதி திறந்ததும் கட்டில் காலில் முட்டி நிற்கும், ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே போக வேண்டும். என் மச்சான் கொஞ்சம் பருமன், அவர் வந்தால் ஆசாரத்திலேயே படுத்துக்கொள்கிறார். ஒரு தாளில் கட்டிலைக் கட்டம் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மூலமட்டம்

நான் கட்டட வேலையில்தான் இருக்கிறேன், பெருந்துறைப் பக்கம். தம்பி, நீங்கள் கேட்கிற கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். புதிதாக என்ன வரப்போகிறது என்கிற பிளான் அப்புறம். இப்போது என்ன இருக்கிறது என்கிற பிளான் உங்கள் கையில் இருக்கிறதா? பழைய வீட்டில் அதுதான் முதல் வேலை, அதற்கு 25 ஆயிரம் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் டேப் பிடிக்க இன்னொரு ஆளும் போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், அரை சென்டிமீட்டருக்கு ஓர் அடி என்று வைத்தால் 50 அடி நீள வீடுகூட ஒரே தாளில் அடங்கும். ஒவ்வொரு ரூமுக்கும் நாலு பக்கமும் அளங்கள். எதிர்ப்பக்கம் அதே அளவுதானே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள், பழைய வீட்டில் இருக்காது. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவு. அந்த இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ரூம் மூலமட்டத்தில் இல்லை, அதாவது மூலைகள் செங்கோணமாக இல்லை என்று அர்த்தம், டைல்ஸ் ஒட்டும்போது ஒரு ஓரத்தில் ஆப்பு மாதிரி துண்டு விழும். சுவர் கனத்தை வாசல் நிலையிலும் சன்னலிலும் பாருங்கள். சன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில் ஆரம்பிக்கிறது, நிலை எத்தனை அடி உயரம், தாழ்வாரத்துத் தரைக்கும் ஆசாரத்துத் தரைக்கும் எவ்வளவு இறக்கம், எல்லாவற்றையும் குறியுங்கள். கடைசியாக வீட்டை வெளியிலிருந்து முழு நீளமும் ஒரே இழுப்பாக அளங்கள். உள்ளளவையும் சுவர் கனங்களையும் கூட்டினால் அந்த வெளியளவு வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ தப்பு, அல்லது எங்கேயோ ஏதோ இருக்கிறது.

இன்னொன்று, அட்டாலியில் (பரண்) ஏறி எந்த விட்டம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அம்புக்குறி போடுங்கள். நீங்கள் எடுக்கச் சொல்கிற அந்த ஆசாரத்துச் சுவர்மேல் கூரை நிற்கிறதா இல்லையா? அது தெரியாமல் மேஸ்திரியை ஒரு கல்லைக்கூடப் பிடுங்க விடாதீர்கள்.

பாத்ரூமுக்கு எல்லாரும் டைல்ஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்கு வாட்டம்தான், கழிவுக்குழாயின் சரிவுதான் கவலை. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? 4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்று வைத்தால் 40 அடி தள்ளியிருக்கிற டேங்க்குக்கு 10 அங்குலம் இறங்க வேண்டும். உங்கள் வீடு தரைமட்டத்திலிருந்து அரை அடிதான் உயரம் என்றால், அந்த 10 அங்குலத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? இதையெல்லாம் கக்கூஸ் பதித்த பிறகு யோசிக்க முடியாது.

மேஸ்திரி மகன்

எல்லாரும் மேஸ்திரியைத்தான் வாங்கு வாங்கென்று வாங்குகிறீர்கள். என் அப்பா 38 வருஷம் கரண்டி பிடித்தவர், 3, 4, 5 என்று கயிற்றில் அடையாளம் வைத்துப் பிடித்தால் ரூம் இம்மி பிசகாது. பிளான் போட்டுக் கொடுத்தவர் சைட்டுக்கே வராமல் கொடுத்த காகிதத்தால் எங்களுக்கு வந்த தலைவலியையும் கேளுங்கள்.

அவிநாசிப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர். 9 ஆகாது, 12 ஆகாது, 10ம் 11ம் நல்லது என்று சொல்லி ரூம் உள்ளளவு 10 அடி கேட்டார். காகிதத்தில் 10 அடி என்றுதான் போட்டிருந்தது, அப்பாவும் செங்கல்லுக்குச் செங்கல் 10 அடி பிடித்துக் கட்டிவிட்டார். இரண்டு பக்கமும் பூச்சு அரை அரை அங்குலம் தின்றது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் அவருடைய சம்பந்தி டேப்பைப் போட்டுப் பார்த்து, “9 அடி 11 அங்குலந்தானுங்களே இருக்குது, இது 9ல்லயில்ல சேரும்” என்று கொளுத்திப் போட்டுவிட்டார். பூச்சைக் கொத்தி எடுத்து மெல்லிசாகப் பூசிக் கொடுத்தோம், கூலி எங்கள் தலையில். அளவு பூச்சுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதாதா?

அதனால் பிளான் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. போட்டதை மேஸ்திரி முன்னால் தரையில் விரித்து, அவரிடம் ஒரு தடவை கேளுங்கள். அவர் மண்டைக்குள் இருக்கிறது என்று சொன்னால் இருக்கும்தான். அது உங்கள் மண்டையிலும் இருக்கிறதா என்பதுதான் சங்கதி.

மூலமட்டம்

மேஸ்திரி மகன் சொல்வது நியாயம், எங்கள் ஆட்களும் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். பூச்சுக்குப் பின் உள்ளளவு என்று தலைப்பிலேயே எழுத வேண்டும். டைல்ஸ் சுவரில் ஏறுகிற இடத்தில் அதன் கனத்தையும் கழிக்க வேண்டும்.

சென்னிமலை நெசவு

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முன்ரூமில் அய்யனுடைய குழித்தறி. அவர் போனபிறகு குழிமேல் பலகை போட்டு, மேலே பாய் விரித்து, பத்துப் பதினைந்து வருஷம் அதன்மேலேயே படுத்து எழுந்தோம், குழி இருப்பதே மறந்துவிட்டது. தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட வந்த ஆட்கள் நாங்கள் இல்லாத நேரத்தில் அதில் இடித்த கல்லையும் மண்ணையும் தள்ளி, தண்ணீர் விட்டு மிதிக்காமல், திம்ஸுக் கட்டையால் அடித்து இறுக்காமல் மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மறு வருஷம் சரியாகத் தறிக்குழி அளவுக்கு, நாலு மூலையோடு, டைல்ஸ் கீழே இறங்கியது. அய்யன் அடையாளம் வைத்த மாதிரி இருந்தது. இருக்கிற வீட்டை வரைவது என்றால் தரைக்குக் கீழே இருப்பதையும் சேர்த்துத்தான். பழைய கிணறு, மூடின கக்கூஸ் குழி, குதிர் இருந்த இடம் என்று வயசானவர்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனைமலைக்காற்று

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அக்கா பேசுகிறேன் தம்பி. சமையல்கட்டை உள்ளே கொண்டுவருகிறீர்கள், சரி. அந்தப் பிளானை யார் போடுகிறார்கள், நீங்களா மேஸ்திரியா? இரண்டு பேருமே சமைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் வெளிச்சம் வரட்டும் என்று மேற்கே பெரிய சன்னல் வைத்து அதற்குக் கீழேயே அடுப்பு மேடை போட்டார்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று வரைந்தவருக்குத் தெரியாதா என்ன, தெரியும், அடுப்போடு சேர்த்து யோசிக்கவில்லை. சன்னலைத் திறந்தால் அடுப்பு அணைகிறது, சாத்தினால் புகை. வருஷத்தில் மூன்று மாசம் அந்தச் சன்னல் சாத்தியே கிடக்கிறது. மேடை உயரமும் அப்படித்தான். மாமியாருக்கு 30 அங்குலம் வேண்டும், எனக்கு 34. இரண்டு பேரும் 32க்கு ஒத்துக்கொண்டு இரண்டு பேரும் முதுகு வலிக்கிறது என்கிறோம்.

உங்கள் அம்மாவை அழைத்து வந்து வாசலில் நிறுத்துங்கள். கோலமாவில் சமையல்கட்டை முழு அளவில் போடுங்கள். அதற்குள் அவர்கள் ஒரு வேளை சமையல் செய்கிற மாதிரி நடந்து காட்டட்டும்.

பீளமேட்டான்

அக்கா சொன்னதோடு ஒன்று. குழாய்க்கும் வயருக்கும் தனித்தனித் தாள் போடுங்கள், டிரேசிங் பேப்பர் கிடைத்தால் வீட்டுப் பிளான்மேல் வைத்து வரையலாம். கோயமுத்தூரில் எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் ஒரு லைன், போர் உப்புத்தண்ணீர் ஒரு லைன். எங்கள் பிளம்பர் பாத்ரூம் கீசருக்கு உப்புத்தண்ணீரைக் கொடுத்துவிட்டார், குண்டாவில் உப்புப் படிந்து மூன்று வருஷத்தில் கீசர் போனது. சுவரை மூடியாகிவிட்டது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த முறை பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆணி அடிக்கும் முன் அதைத்தான் பார்க்கிறேன்.

வாய்க்கால்மேடு

நாலு நாளாக வரவில்லை, மன்னிக்கணும். அளந்து முடித்துவிட்டோம். நானும் பெரிய பையனும். அவனுக்கு கிராஃப் தாள் வேலை என்றதும் பரீட்சை வந்த மாதிரி முகம், அப்புறம் அவன்தான் என்னை விரட்டினான்.

மூலமட்டம் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே கணக்கு உதைக்கிறது. கிழக்கு மேற்காக மூன்று ரூம். கிழக்கு ரூம் 11 அடி 4 அங்குலம், ஆசாரம் 14 அடி 2, மேற்கு ரூம் 10 அடி 6. கூட்டினால் 36 அடி. சுவர் கனம் நிலையில் பார்த்தால் 15 அங்குலம், நாலு சுவருக்கு 5 அடி. மொத்தம் 41 வர வேண்டும். வெளியே இழுத்தால் 42 அடி 6 அங்குலம். மூன்று தடவை இழுத்தோம். ஒன்றரை அடி எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

பையன்தான் கண்டுபிடித்தான். ஆசாரத்துக்கும் மேற்கு ரூமுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் வாசலே கிடையாது, மேற்கு ரூமுக்குத் தாழ்வாரத்திலிருந்துதான் போக வேண்டும். அதனால் அந்தச் சுவரின் கனத்தை இத்தனை வருஷத்தில் யாரும் பார்த்ததே இல்லை. கணக்குப்படி அது இரண்டே முக்கால் அடி! இடிக்கச் சொன்னோமே, அதே சுவர்.

சத்தியில் இருக்கிற அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்கு 80 இருக்கும். “அட, அந்த ரூமு பின்னால கட்டுனதுடா. உங்கப்பாருக்கும் அவிய அண்ணனுக்கும் அப்பப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் பாகத்துச் செவுத்துல கை வெக்கக்கூடாதுன்னு தனியாச் செவுரு எழுப்பிக் கட்டுனாங்க. அப்பறம் சமாதானமாயி அந்தப் பாகத்தையும் உங்கப்பாருக்கே எழுதிக் குடுத்துட்டாரு” என்றார்கள். எனக்கு இந்தக் கதையே தெரியாது. அட்டாலியில் ஏறிப் பார்த்தால் நிஜம்தான், ஆசாரத்து விட்டம் ஒரு சுவரில் நிற்கிறது, மேற்கு ரூம் விட்டம் இன்னொரு சுவரில், நடுவில் கை நுழைகிற சந்து, அதில் ஓட்டுச் சில்லும் எலி வளையும்.

சோமனூர்த்தறி

அண்ணா, பங்காளிச் சண்டையை டேப்பில் அளந்த முதல் ஆள் நீங்கதான்.

மூலமட்டம்

நல்லவேளை தம்பி. 15ம் 15ம் 30, சந்து ஒரு 3 அங்குலம், கணக்கு நேராக வந்துவிட்டது. உங்கள் மேஸ்திரி ஒரு சுவர் என்று நினைத்து ஒரு இரும்பு பீமுக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார். ஆசாரத்துப் பக்கமிருந்து உடைத்துக்கொண்டு வந்தால் முதல் சுவர் போனதும் ஆசாரத்துக் கூரை தொங்கும். இரண்டு கூரைக்கும் முட்டுக் கொடுத்து, இரண்டு பீம் போட்டு, ஓரத்தில் அதைத் தாங்க வலுவாகக் கட்டி எழுப்பி, இவ்வளவும் செம்மண் சாந்துச் சுவரில். செய்ய முடியாதது இல்லை, ஹால் பெரிதாவதற்கு அது கொடுக்கிற விலையா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் அந்தச் சுவரைத் தொடமாட்டேன். மூன்றரை அடிக்கு ஒரு வழி மட்டும் திறந்து, இரண்டு சுவருக்கும் சேர்த்து மேலே தாங்குகிற லிண்டல் போட்டால் போதும். இரண்டே முக்கால் அடி ஆழம் இருப்பதால் வழியின் இரண்டு பக்கமும் கடப்பாக்கல் அலமாரி வைக்கலாம். எதற்கும் ஒரு இன்ஜினியர் நேரில் வந்து அந்த இடத்தை மட்டும் பார்க்கட்டும். உங்கள் கையில் அளவுப் படம் இருப்பதால் கூலியைக் குறைத்துப் பேசலாம்.

அனுமதி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூச்சு, வெள்ளை, தரை மாற்றுவது மாதிரி வேலைக்கு யாரும் பிளான் கேட்பதில்லை. பரப்பு கூடினாலோ மாடி ஏற்றினாலோ 2019இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளுக்குள் வந்துவிடும், அனுமதி வாங்கத்தான் வேண்டும். 2024 ஜூலையில், விதிப்படி கட்டுகிறேன் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்குகிற சுயசான்று முறை வந்தது, 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனிலேயே போட்டுவிடலாம். ஆனால் அது புது வீடு கட்டுகிறவர்களை மனதில் வைத்தது, உங்கள் மாதிரிச் சேர்த்துக் கட்டுகிற வேலைக்குப் பஞ்சாயத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே கொடுக்கிற படத்தில் இடிப்பதை மஞ்சளிலும் புதிதாக வருவதைச் சிவப்பிலும் காட்டுவது வழக்கம். வீட்டுக்குப் போடும் படத்திலும் அதையே செய்யுங்கள், மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் எழுத்தே வேண்டாம், நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே கட்டாயம், தாழ்வாரத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் படத்தில் போட்டுவிடுங்கள்.

சிங்காநல்லூர்வாசி

சுவர், குழாய், அனுமதி எல்லாம் சரி. வாஸ்துவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பாத்ரூம் சனி மூலையில் (வடகிழக்கு) வந்தால் என்ன பிளான் போட்டு என்ன?

ஆனைமலைக்காற்று

அவர் அம்மாவுக்கு முட்டிவலி. பாத்ரூம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வரட்டும், மூலையை அப்புறம் பார்க்கலாம்.

தம்பி, அந்த பாத்ரூம் கதவு 3 அடி வையுங்கள். இரண்டரை அடிக் கதவில் ஒருவர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக முடியாது. வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்து கதவுக்கு அணைவாகக் கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது, எங்கள் சித்திக்கு அப்படி நடந்தது. படி வேண்டாம், அரை அங்குல இறக்கம் போதும்.

வாய்க்கால்மேடு

சிங்காநல்லூர்க்காரருக்கு, பாத்ரூம் வடமேற்கு வாயு மூலையில்தானுங்க வருகிறது, தப்பித்தோம். செப்டிக் டேங்க்குக்கு 22 அடி, ஐந்தரை அங்குலம் வாட்டம், அதுவும் கிடைக்கிறது. அளவெடுக்கும்போதே வாய்க்காலில் தண்ணீர் விடும் மாசங்களில் வடக்குச் சுவரில் ஈரம் எதுவரை ஏறுகிறது என்று பென்சிலில் கோடு போட்டுப் படத்திலும் குறித்திருக்கிறேன், சுவிட்ச் பெட்டி அதற்கு மேலேதான்.

நேற்றுச் சாயங்காலம் ஆனைமலை அக்கா சொன்ன வேலையைச் செய்தோம். களத்தைக் கூட்டிவிட்டு, கிழக்கு ரூமில் வரப்போகிற சமையல்கட்டை முழு அளவில் கோலமாவில் போட்டோம். ஃபிரிட்ஜுக்கு நெல்லு மூட்டை, அடுப்புக்குத் தகரப் பெட்டி, சிங்க்குக்கு அன்னக்கூடை. வீட்டுக்காரி உள்ளே நடந்து பார்த்து, ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் வழி அடைகிறது என்று மூட்டையை எதிர்ப்பக்கம் இழுக்கச் சொன்னாள். சரியென்று இழுத்தோம்.

அம்மா அதுவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் “எனக்கென்ன தெரியும் இதெல்லாம்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தது. அப்புறம் கேட்டது ஒரே கேள்வி. “அருவாமனை எங்க போடறது?”

எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அம்மா நின்றுகொண்டு காய் நறுக்கி நான் பார்த்ததில்லை. முட்டி வலித்தாலும் குட்டி முக்காலியில் உட்கார்ந்து அருவாமனையை முன்னால் போட்டுத்தான். மேடையை ‘ப’ மாதிரி மூன்று பக்கமும் இழுத்திருந்தோம், நடுவில் மிச்சம் மூன்றரை அடி, அதில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. கிழக்கு வாசலை ஒட்டி வெளிச்சம் விழுகிற பக்கத்து மேடைக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, குனிய முடியாமல் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் மாவை எடுத்து அங்கே ஒரு கோடு இழுத்தது பாருங்க, நானும் பையனும் கயிறு பிடித்துப் போட்ட கோடெல்லாம் அதற்குப் பக்கத்தில் கோணல். மேடை இப்போது ‘ப’ இல்லை, ‘ட’.

மேஸ்திரி அந்த நேரத்துக்குத்தான் வந்தார். கோட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, டேப்பை அவரே கையில் வாங்கி, அம்மா இழுத்த கோட்டை அளந்தார். 5 அடி 2 அங்குலம். கிராஃப் தாளை வாங்கிப் பார்த்தார், அந்த இரட்டைச் சுவரைக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “இது ஜெராக்ஸ் ஒண்ணு எனக்குக் குடுங்க” என்றார்.

காலையில் போட்டோ எடுத்து இங்கே போடலாம் என்று போனால், கோலமாவைக் கொத்தித் தின்றுகொண்டு மூன்று கோழி சிங்க் இருந்த இடத்தில் நிற்கிறது. அளவைத் தாளில் ஏற்றிவிட்டதால் பரவாயில்லை. இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வருகிறார், அந்த ஒரு சுவரைப் பார்க்க மட்டும், 4 ஆயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்.